விலை கேட்காத வடைக்கடை

டார்ம்ஸ்டாட்,
ஞாயிறு

அன்புள்ள அன்ரனிற்றா அக்காவுக்கு,

தக்சாயினி எழுதுகிறேன். நீங்கள் தொலைபேசியை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். யோசேப்பு அண்ணை உங்களைத் தனியே விட்டுத் தவறிய பிறகு உங்களுக்கு ஆட்களோடு கதைக்கவே வெறுத்துவிட்டது என்று உங்கள் மகன் றெக்ஸ் சொன்னான். பதில் எழுத வேண்டாம், வாசித்தால் போதும்.

மகனோடு இருக்க எர்லாங்கனுக்குப் போகும்போது, பள்ளி பாண்ட் வாத்தியக் குழுவின் பெற்றோர் சங்கத்துக்கு என்னைப் பொருளாளர் ஆக்கிவிட்டுப் போனீர்கள். உங்கள் பெயரைக் கெடுக்கப் பார்த்தேன், அக்கா! பிள்ளைகள் போட்டிக்குப் போக பஸ் பிடிக்க வேண்டும். அந்தக் காசுக்காகத்தான் கோடைவிழாவில் வடையும் றோல்ஸும் போட்டோம். ட்ரம்பெட் ஊதிக் களைத்த பிள்ளைகள் தட்டை நீட்டினால் எந்த வாயால் காசு கேட்பது? "முதல்ல சாப்பிடுங்கோ" என்றேன். பின்னால் வந்த தாய் தகப்பனுக்கும் அதே உபசாரம்தான். இலவசம் என்று நினைத்து, அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். பெட்டியில் சில்லறைதான் கிடந்தது. "அம்மா, அப்ப பஸ் இல்லையோ?" என்று மிதுசா கேட்டாள். பெற்ற மகளின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

சங்கத் தலைவி சபீனாவிடம் உள்ளதைச் சொல்லி, பொறுப்பை விடுகிறேன் என்றேன். அவர் திட்டவே இல்லை. அந்தச் சாப்பாடு விற்பனைக்கு வைத்தது என்று பெற்றோருக்கு ஒரு வரி அனுப்பினார். மறுநாளே எங்கள் வீட்டு மணி அடிக்கத் தொடங்கியது. தான் இரண்டு வடை, மனைவி ஒரு றோல், சின்னவன் மூன்று என்று ஒவ்வொருவரும் ஒப்புவித்துக் காசு தந்தார்கள். ஒரு மனிதர், உறைப்புத் தாங்காமல் பாதியில் வைத்த வடைக்கும் தந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. பஸ்ஸுக்குக் கட்டியாயிற்று. கூட்டத்தில், நானே பொருளாளராக இருக்க வேண்டும் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். இந்த நாட்டில் எனக்காக இத்தனை கைகள் உயர்ந்து நான் கண்டதில்லை. இனிக் கடையில் காசு வாங்குவது மட்டும் சபீனாவாம்.

இந்த மனிதர்களை எனக்குத் தந்தது நீங்கள்தான், அக்கா. அந்த நன்றியை நேரில் சொல்ல வேண்டும். போட்டி உங்கள் எர்லாங்கனில்தான், வருகிற சனிக்கிழமை. காலையில் பஸ் நேரே உங்கள் தெருவுக்கு வரும், சாரதியிடம் கேட்டுவிட்டேன். என் பக்கத்து இருக்கையில் ஒருவரையும் இருத்த மாட்டேன். இருக்கிற கோலத்திலேயே இறங்கி வாருங்கள். நீங்கள் வரும்வரை பஸ் நிற்கும்.

மாதா உங்களுக்குத் துணை இருப்பாராக.

உங்கள் கூடப்பிறவாத தங்கை,
தக்சாயினி