சிவப்பு நோட்டீஸ் ஒட்டிய கதவு

அனுப்புநர்:
இரண்டாம் மாடி, தெருப்பக்க வீட்டில் குடியிருந்து அழகு நிலையம் நடத்துபவர்
(கட்டிடத்தின் எல்லாக் குடும்பங்கள் சார்பாகவும்)

பெறுநர்:
உயர்திரு சுகாதார அலுவலர் அவர்கள்,
நகரச் சுகாதார அலுவலகம்

பொருள்: அடைக்கப்பட்ட எங்கள் கட்டிடத்தில் தீப்பிடித்தது – மூன்றாம் மாடி நடத்துநர் மீதான வழக்கைத் திரும்பப் பெறவும், வாசலை மறுபடி அடைக்காதிருக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தொற்றைத் தடுக்கத் தங்கள் அலுவலகம் படும் பாடு எங்களுக்குத் தெரியாததல்ல. மூன்றாம் மாடியில் குடியிருக்கும் பேருந்து நடத்துநருக்கு நோய் உறுதியானதும், அவருடைய மனைவியையும் மகளையும் முகாமுக்கு அழைத்துப் போனார்கள். அவரை வீட்டிலேயே விட்டு, கதவில் ‘உள்ளே நுழையாதீர்’ என்று சிவப்பு நோட்டீஸ் ஒட்டினார்கள். பிறகு நாங்கள் யாரும் வெளியே போகாதபடி கட்டிட வாசலில் தகரம் வைத்து வெளிப்பக்கம் வெல்டிங் செய்தார்கள். மொட்டை மாடிச் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம். குழந்தைகளை ஜன்னலில் தூக்கிப் பிடித்து, வெல்டிங் பொறி பறப்பதைக் காட்டியவள் நான்தான்.

2. சாப்பாடு கொண்டுவரும் தொண்டர்கள் தெருவில் நின்று குரல் கொடுத்ததும், ஒவ்வொரு வீடும் ஜன்னலில் தட்டைத் தட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. தட்டுச் சத்தம் கேட்டால் அந்த வீட்டில் எல்லாரும் நலம் என்று பொருள். இது எங்களுக்கு நன்றாகவே பழகிப்போயிருந்தது.

3. நேற்று முன்தினம் பிற்பகல், படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் மீட்டர் பலகையில் தீப்பிடித்தது. முதலில் பார்த்தவர் கீழ்த்தளத்து அக்கா. அவர் ஜன்னலுக்கு ஓடி, உயிர் போகிற வேகத்தில் தட்டைத் தட்டினார். சாப்பாடு சீக்கிரம் வந்துவிட்டது என்று நினைத்து நாங்களும் தட்டினோம். நான் கரண்டியால் தட்டினேன். எங்களைப் போலவே அடைக்கப்பட்டிருந்த எதிர்க் கட்டிடமும் தட்டியது. தெருமுனைக் காவலர் கையசைத்தார். அக்கா உதவி கேட்டுத் தட்டத் தட்ட, நாங்கள் எல்லாரும் நலம் நலம் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தோம் ஐயா.

4. படிக்கட்டில் புகை ஏறிய பிறகுதான் விளங்கிற்று. அக்கா தம் சிறு மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே ஓடிவந்தார். ஜன்னல்களில் கம்பி, வாசலில் தகரம். ஜன்னலில் நின்று காவலரைக் கூப்பிட்டுக் கத்தினேன். “மேலிடத்துல கேக்காம தகரத்தைத் தொடக்கூடாதும்மா” என்று சொல்லிவிட்டு, அவரும் போனில் கத்திக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவரிடம் இருந்தது ஒரு குச்சி. அதை வைத்துக்கொண்டு வெல்டிங்கை எப்படிப் பிரிப்பார்?

5. மொட்டை மாடிக்கு ஓடினோம். பூட்டு. இருமிக்கொண்டே மூன்றாம் மாடிக்கு இறங்கியபோது நடத்துநர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அந்தக் கதவைக் கடக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். அவர் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு, சுத்தியலால் கீல் ஆணிகளைத் தட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளறைக் கதவுகள் பிளாஸ்டிக், ஆள் தாங்காது. வாசல் கதவு மட்டுமே நல்ல மரம்.

6. அவர் வீட்டுப் பின்பக்க பால்கனிக்கு எதிரே, அதே உயரத்தில், அடுத்த கட்டிடத்தின் மொட்டை மாடி இருக்கிறது. நடுவில் தாண்ட முடியாத இடைவெளி. காய்ச்சலில் நிற்கவே தள்ளாடிய மனிதர், அந்தக் கதவைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், இரண்டு கைப்பிடிச் சுவர்களுக்கும் நடுவே போட்டார். ஆடாமலிருக்க இந்தப் பக்கத்து நுனியில் தாமே உட்கார்ந்தார். எங்கள்மேல் மூச்சுக்கூடப் படக்கூடாதென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “ஒவ்வொருத்தரா வாங்க. நிக்காதீங்க, முன்னாடி போங்க, முன்னாடி போங்க” என்று பேருந்தில் சொல்வதையேதான் சொன்னார். அந்த நேரத்திலும் எங்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஒரு மனிதரால் இவ்வளவு முடியுமா என்று இரண்டு நாளாக எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

7. கடைசியாகக் கடந்தவள் நான். அந்தப் பக்கம் போய்த் திரும்பி, நீங்களும் வாருங்கள், இந்த நுனியை நாங்கள் பிடித்துக்கொள்கிறோம் என்று கெஞ்சினேன். “நான் வந்தா அந்தக் கட்டிடத்துக்கும் தகரம் அடிச்சிடுவாங்கம்மா. நீங்க முன்னாடி போங்க” என்றார். புகை அவரை மறைக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றோம். தீயணைப்பு வீரர்கள் தகரத்தை வெட்டி உள்ளே போய், நினைவில்லாமல் கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள்.

8. இப்போது அவர் மருத்துவமனையில் இருக்கிறார். அரசு நோட்டீஸை அகற்றிச் சேதப்படுத்தியதாகவும், தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுக்குள் பிறரை நுழைய விட்டதாகவும் அவர்மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். நேற்று வீடு திரும்பிய எங்களிடம், நாளை காலை வாசலை மறுபடி அடைக்க ஆள் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று சொல்லுங்கள், இருக்கிறோம். வாசலில் ஆளைக் காவலுக்கு வையுங்கள், கீழ்ப்படிகிறோம். தகரம் மட்டும் வேண்டாம் ஐயா. ஆள் என்றால் கூப்பிட்ட குரலுக்குத் திறப்பார்.

9. அவருடைய கதவு சாட்சிப் பொருளாகத் தங்கள் அலுவலகத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதாக அறிகிறோம். தாங்கள் ஒருமுறை அதை நேரில் பார்க்க வேண்டும். நோட்டீஸ் கிழிந்திருப்பது உண்மை. ஆனால் நடத்துநர் அந்தக் கதவின்மேல் ஓர் அடிகூட நடக்கவில்லை. அதில் கரியோடு பதிந்திருப்பவை எங்கள் பாதங்கள். அவற்றில் மிகச் சிறியது கீழ்த்தளத்து அக்காவின் மகனுடையது. இடுப்பிலிருந்து இறங்கி, தானே நடப்பேன் என்று அடம்பிடித்து நடந்தான். வழக்கு நடந்தே தீர வேண்டுமென்றால், சேதப்படுத்தியவர்களாக எங்கள் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரிசையில் வந்து நிற்கிறோம்.

10. நேற்று மாலை அவருக்கு நினைவு திரும்பியதாக நர்ஸம்மா போனில் சொன்னார். கண் விழித்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: “எல்லாரும் இறங்கியாச்சா?”

இறங்கிவிட்டோம் ஐயா. இனி அவரை இறக்கிவிட வேண்டியது தாங்கள்.

இடம்: எங்கள் கட்டிட வாசல் (இப்போதைக்குத் திறந்திருக்கிறது)
நாள்: தகரம் வெட்டப்பட்ட மூன்றாம் நாள்

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
இரண்டாம் மாடி, தெருப்பக்க வீட்டுக்காரி

உடன் கையொப்பமிட்டோர்: அந்தக் கதவின்மேல் நடந்த அனைவரும். சிறுவன் மட்டும் கட்டைவிரல் ரேகை.