பதினான்காம் மிதவையில் மேல்மாடி

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் அங்கே தரையில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இருவரும் இங்கே கரையிலிருந்து இருநூறடி தள்ளி நலமாக மிதந்துகொண்டிருக்கிறோம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, படகில் நடக்க இடமில்லாததால். போனில் பேசினால் அவர் பக்கத்தில் நின்று இருமுகிறார், அதனால்தான் கடிதம். ஏம்மா, உங்களுக்கு ஒரு வீடா கிடைக்கலை என்று போன வாரம் கேட்டாய். நான்கைந்து கிடைத்தன. எதிலிருந்து பார்த்தாலும் உன் பெரியப்பா வீட்டு ஜன்னல் தெரியவில்லை.

இருபத்தாறு வருஷம் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தோம். காலி செய் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அந்தப் பெருந்தன்மையை நான் மறுக்க மாட்டேன். தச்சரைத்தான் அனுப்பினார். நான் அடுப்பில் பால் வைத்துவிட்டு நிற்கிறேன், அவர் டேப்போடு உள்ளே வந்து, அம்மா கொஞ்சம் தள்ளிக்குங்க என்று சொல்லி எனக்குப் பின்னால் இருந்த சுவரை அளந்தார். எதற்கப்பா என்றேன். பெரிய ஐயாவுக்குப் படிக்கிற ரூமுங்க, தண்ணியப் பாத்துக்கிட்டே படிக்கணுமாம், ஏன், உங்ககிட்ட சொல்லலையா என்றார். பால் பொங்கி அடுப்பு அணைந்ததைத் தவிர அன்று வீட்டில் வேறு சம்பவம் எதுவும் நடக்கவில்லை. நூலகத்தில் முப்பது வருஷம் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், பல் டாக்டராக இருந்த காலம் முழுக்க உன் பெரியப்பா கடைசிவரை வாசித்தது வெளியே காத்திருந்தவர்களின் பெயர்ப் பட்டியலை மட்டும்தான். நாங்க எங்கண்ணே போறது என்று உன் அப்பா கேட்டதற்கு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஊர்ல இடமா இல்ல, பாத்துக்கலாம்டா என்றாராம். அவர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்று நானும் அன்றே முடிவு செய்துவிட்டேன்.

நாங்கள் வாங்கிய படகு பழையது. கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த இடத்திலேயே பதினோரு வருஷம் நின்றதில் உள்ளே செடி முளைத்திருந்தது. உன் அப்பா ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அடிப்பலகையில் லேசாகக் குத்தினார், அது கைப்பிடி வரை உள்ளே போனது. வெளியே எடுத்துத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, நல்ல படகு என்றார். அண்ணனைப் பற்றியும் இப்படித்தான் சொல்வார். ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. லிப்ட் மெக்கானிக்காக ஆயுள் முழுக்க மற்றவர்களை ஏற்றி இறக்கியவர், கயிறும் கப்பியும் அவருக்குப் புதிதா என்ன. பாய்மரத்துக் கம்பிகளை எல்லாம் மாற்றினார், இன்ஜினைப் பிரித்து என் சாப்பாட்டு மேஜைமேல் ஒரு மாதம் வைத்திருந்தார், அடியில் தண்ணீர் சேர்ந்தால் அடிப்பதற்கு ஒரு பழைய லிப்ட் மணியைப் பொருத்தினார். அது அடிக்கும்போதெல்லாம் இன்னும் கதவு திறக்கும் என்று ஒரு நொடி காத்திருக்கிறார். பலகை வேலைக்கு அதே தச்சரைக் கூப்பிட்டேன். வந்தவர் கொஞ்சம் தயங்கினார். நான் முதல் நாளே, கொஞ்சம் தள்ளிக்கோப்பா என்று சொல்லி அவரை நகர்த்திவிட்டு அந்த இடத்தை நானே அளந்தேன். பிறகு நாங்கள் நல்ல சிநேகிதர்களாகிவிட்டோம். இப்போது இரண்டு அடுப்பு, ஒரு கட்டில், என் புத்தகங்களுக்கு ஆறடி அலமாரி, படகு சாய்ந்தால் புத்தகம் விழாமலிருக்கக் குறுக்கே ஒரு சட்டம், எல்லாம் இருக்கிறது.

துறைமுக அலுவலகத்தில் படகைக் கட்டிவைக்க எந்த மிதவை வேண்டும் என்று கேட்டார்கள். பதினான்கு என்றேன். பெரியப்பாவின் வாசிப்பறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருப்பது அதுதான். படகுக்கு மேல்மாடி என்று பெயர் வைத்து, பின்பக்கத்தில் முழ உயரத்துக்குச் சிவப்பு எழுத்தில் எழுதினோம். படித்தவளும் அனுபவஸ்தரும் சேர்ந்து ஒரு தப்பு செய்தோம். மிதவையில் முன்பக்கத்தைக் கட்டிவிட்டால் படகு காற்று வரும் திசையைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். காலையில் காற்று கரையிலிருந்து வருகிறது, அவர் ஜன்னலோரம் உட்காரும் அந்த நேரத்தில் பெயர் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும். மத்தியானம் காற்று மாறிப் பெயர் அவர் பக்கம் திரும்பும்போது அவர் திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிறார். ஒரு வாரம் மீன்களுக்குப் பெயரைக் காட்டிக்கொண்டிருந்தோம். பிறகு பின்பக்கத்திலும் ஒரு சின்ன நங்கூரம் இறக்கி, பெயர் எப்போதும் அவரையே பார்க்கும்படி இழுத்துக் கட்டச் சொன்னேன். படகின் வாசலும் பின்பக்கம்தான். அதனால் காலைக் காற்றில் அவர்கள் வீட்டுச் சமையல் புகை நேராக எங்கள் கட்டிலுக்கு வருகிறது, கரைப்பக்கமிருந்து மழை அடித்தால் என் தலையணை நனைகிறது. திருப்பி விட்டுடலாமே, இதெல்லாம் நமக்குத் தேவையா என்று உன் அப்பா கேட்டார். தலையணை காய்ந்துவிடும் என்றேன். துறைமுகத்து ஆள் படகில் வந்து, எல்லாப் படகும் ஒரு பக்கம் பாத்து நிக்குது, உங்களுது மட்டும் ஏம்மா முறைச்சுக்கிட்டு நிக்குது என்றார். குடும்ப விஷயம் என்றேன். அப்படியா, சரி சரி என்று போய்விட்டார், அவருக்கும் குடும்பம் இருக்கும்போல.

இனிதான் நான் உனக்கு எழுதும் காரணம். ஒரு மாதம் காத்திருந்தேன், அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தமில்லை. முந்தாநாள் தச்சர் அங்கே ஒரு அலமாரிக் கதவைச் சரிசெய்யப் போயிருக்கிறார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரியப்பா அவரைப் பார்த்து, இந்தச் சட்டைய யாரு இங்க மாட்டினது என்று கேட்டாராம். இரண்டு கண்ணிலும் புரை. எதிரே என்ன தெரியுதுங்க ஐயா என்று இவர் கேட்டதற்கு, பாலாட்டம் வெள்ளையா இருக்கு, நல்லாத்தான் இருக்கு என்றாராம். முழ உயர எழுத்து, சிவப்புப் பெயின்ட், நனைந்த தலையணை, எல்லாம் ஒரு வெள்ளைக்கு எதிரே. டாக்டர் அடுத்த மாதம் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார், பெரியப்பா மாட்டேன் என்கிறார். ஊரெல்லாம் ஈறில் ஊசி குத்தியவருக்குக் கண் பக்கத்தில் எதுவும் வரக்கூடாதாம். பெரியம்மா சொல்லி அலுத்துவிட்டாள். உன் பேச்சைத்தான் கேட்பார், நீ அவருக்குச் செல்லம். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் போடு. உன் பால்பல்லைப் பிடுங்கும்போது, ஒண்ணுமில்ல பாப்பா, எறும்பு கடிச்ச மாதிரிதான் என்று உன்னிடம் சொல்வாரே, அதை அப்படியே அவருக்குத் திருப்பிச் சொல். வேண்டுமானால் அழு. துணைக்கு ஆள் இல்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு நானே வருகிறேன் என்றும் சொல். கண் தெளிந்ததும் அவரை முதலில் ஜன்னலோரம் உட்காரவைக்கச் சொல்லிப் பெரியம்மாவிடம் பேசிவிட்டேன், அவள் ஏன் என்று கேட்கவில்லை. நங்கூரத்தை அதுவரை எடுக்க மாட்டேன். பெயருக்கு இன்னொரு பூச்சுப் பெயின்ட் அடித்தாகிவிட்டது.

மாப்பிள்ளையின் அண்ணன் தன் வீட்டு மாடி சும்மாதான் கிடக்கிறது, வந்து இருங்கள் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். போகாதே. அவர் தங்கமானவராகவே இருக்கட்டும், தங்கமானவர்கள் வீட்டுக்கும் தச்சர் வருவார். மழைக்காலம் வருகிறது, காதை மூடிக்கொள். இருவரும் நோய்நொடியில்லாமல், நீங்களே பூட்டித் திறக்கும் ஒரு கதவோடு நீண்ட காலம் வாழ வேண்டும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். அண்ணனை மன்னித்துவிட்டதாகவும் எழுதச் சொன்னார், அதற்குத் தாளில் இடமில்லை. நானோ உன் பெரியப்பாவின் கண்கள் நன்றாகத் தெரிய வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன், யாருக்காகவும் இவ்வளவு மனதார நான் வேண்டிக்கொண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்குமேல், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
மேல்மாடி, பதினான்காம் மிதவை
(பெரியப்பா வீட்டுக்கு எதிரே)