உன் கையில் இருந்த என் பேர்

பின்வீட்டில் முந்திரிக்கொட்டை சுடுகிறார்கள். காலையிலிருந்து சன்னலையெல்லாம் அடைத்து வைத்திருக்கிறேன். அப்படியும் அந்த நாற்றம் எப்படியோ உள்ளே வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. மத்தியானச் சோறு இறங்கவில்லை. "என்ன டீச்சர், முந்திரின்னா எல்லாருக்கும் நாக்கு ஊறும், நீங்க மூக்கப் பொத்துதீங்க?" என்று பின்வீட்டுக்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்கிறாள். அவளிடம் என்னத்தைச் சொல்ல? உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரிக் கடைசி வருஷத்தில், நாம் இரண்டு பேரும் ஒரு நோட்டில் நாடு ஒன்றை உண்டாக்கினோம். தாமிரபரணிக்கு அடியில் இருக்கிற நாடு. அங்கே யாரும் யாரையும் பார்த்து "நீ யாரு வீட்டுப் பிள்ள?" என்று கேட்கமாட்டார்கள். முதலைகள்தான் அதிகாரிகள். ஒரு முதலைக்கு என் அப்பாவின் மீசையை வைத்தாய், இன்னொன்றுக்கு உன் பெரியம்மாவின் மூக்குத்தியை. அந்த நாட்டுக்கென்று முப்பத்தோரு எழுத்து, எல்லாம் நீ போட்டது. தூண்டில்முள் மாதிரி வளைந்து வளைந்து தொங்கும். டவுண் பஸ்ஸில் நின்றுகொண்டே அதில் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொள்வோம். அதை வாசிக்கத் தெரிந்த ஆள் உலகத்திலேயே இரண்டே பேர்.

உனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த ஆனி மாசம், தேரோட்டத்துக்குப் போன இடத்தில் ரதவீதி ஓரம் பச்சை குத்துகிறவன் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாய். சீ, அந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. உனக்கு முன்னால் ஒருத்தன் தோளில் தேள் குத்திக்கொண்டு எழுந்து போனான். அவன் ரத்தத்தைத் துடைத்த அதே ஈரத்துணியால் பச்சை குத்துகிறவன் உன் கையைத் துடைத்தான். ஊசியும் அதேதான். வாயில் வெற்றிலை வேறு.

"ஏட்டி, கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? எந்திரி!" என்றேன்.

"நோட்டைக் கிழிச்சுப் போடுவாக. தோலையா கிழிப்பாக?" என்றாய்.

அவன் உன் தாளை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "என்ன பாஷைம்மா இது, மலையாளமா?" என்றான். "எங்க ஊரு பாஷை, பைய குத்துங்க, ஒரு வளைவுகூட மாறக்கூடாது" என்றாய். யாருக்குத் தெரிகிற மாதிரி குத்த, உனக்கா, எதிரே நிற்கிறவர்களுக்கா என்று கேட்டான். "எனக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றாய். நாலாவது எழுத்தில் கொக்கி வெளியே போகப் பார்த்தது. ரத்தம் வழிகிற கையை அசைக்காமல் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, "உள்ள வளையணும்ணாச்சி" என்று திருத்தினாயே! அச்சு அசலாக வந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ என் தாடையைப் பிடித்துத் திருப்பினாய். "வாசிட்டி."

வாசித்தேன். என் பேர்.

இரண்டு வாரம் முழுக்கை ரவிக்கையில் மறைத்து வைத்திருந்தாய். பெண் பார்க்க வருகிறவர்களுக்கென்று உன்னை அலங்காரம் பண்ணின அன்று பெரியம்மா பார்த்துவிட்டாள். அம்மா இல்லாத உன்னை வளர்த்தவள் என்ற உரிமை அவளுக்கு. என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். கூடத்தில் உன் சனம் முழுவதும் உட்கார்ந்திருந்தது, ஏதோ பிணம் கிடக்கிற வீடு மாதிரி.

"நீ இவ கூடவேதான திரியுத, உள்ளதச் சொல்லு. எவன் பேருட்டி இது?"

"என் பேரு பெரியம்ம." அவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். சிநேகிதி பேருதானா என்று தலையில் இரண்டு கொட்டுக் கொட்டிவிட்டு விட்டிருப்பார்கள். ஆனால் அதை எப்படி நம்புவார்கள்? நோட்டைக் கேட்பார்கள். நோட்டைக் கொடுத்தால் முதலை வெளியே வரும், அப்பா மீசையோடு. அப்பா அப்போதுதான் என்னை பி.எட். சேர்க்க அரைமனசாகத் தலையாட்டியிருந்தார். இதையெல்லாம் ஒரு நிமிஷத்தில் கணக்குப் பார்த்தேன், பார்த்துக்கொள்.

"எனக்குத் தெரியாது பெரியம்ம. கோட்டித்தனமா என்னமோ கிறுக்கியிருக்கா."

நீ என்னைப் பார்த்தாய். பிறகு தரையைப் பார்த்தாய். நான் நேரே குறுக்குத்துறைக்குப் போய் நோட்டை ஆற்றில் விட்டேன்.

முந்திரிக்கொட்டைத் தோட்டைச் சுட்டால் வடிகிற எண்ணெயை வைத்து, பச்சையை அழிக்கிறோமென்று உன் கையை வேகவைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் நான் வந்தபோது சீழ் வைத்து, ஈ மொய்த்து, வீடெல்லாம் அந்த நாற்றம். "அந்தப் பய பேரச் சொல்லுதாளான்னு பாரு, வாயே தெறக்கல" என்று பெரியம்மா புலம்பிக்கொண்டே எனக்குக் காப்பி கொடுத்தாள். அவள் முகத்தில் துப்ப வேண்டும் போல இருந்தது. துப்பவில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காப்பியை முழுக்கக் குடித்தேன். நீ மெதுவாக, "சவத்தத் தள்ளுட்டி, விட்டுரு" என்றாய். அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தப் பேச்சை நீ எடுத்ததில்லை. எடுத்திருக்கலாம். நாலு வார்த்தை வைதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் வந்தாள். உன் கையை ஆஸ்பத்திரியில் வைத்து எடுத்த படத்தைக் காட்டினாள். தழும்புக்கு நடுவே நாலைந்து கோடு மட்டும் பச்சையாகத் தெரிந்தது.

"இத அப்படியே என் கையில குத்தப்போறேன் சித்தி. பாதி எழுத்து வெந்து போயிருக்கு. தப்பா குத்திறக் கூடாது, நீங்க முழுசா எழுதித் தாங்க."

"உங்கம்மா சொல்லலையா, என்னதுன்னு?"

"எத்தனையோ தடவ கேட்டேன். 'அது சித்திக்குத்தான் தெரியும், அவளுக்கு இஷ்டம்னா அவ சொல்லட்டும்'னுட்டாங்க."

எழுதினேன். நோட்டோடு சேர்த்து எல்லாவற்றையும் ஆற்றில் விட்டுவிட்டதாக நினைத்திருந்தேன். கை மறக்கவில்லை. நாலாவது எழுத்தின் கொக்கிகூட உள்ளே வளைந்தது. "இது என் பேரு" என்றேன். கூடத்தில் நான் சொன்னதையும், குடித்த காப்பியையும்கூட விடாமல் சொன்னேன்.

"சுடும்போதுமா அம்மா சொல்லல?"

"சொல்லல."

அவள் தாளை மடித்து என் பக்கம் நகர்த்தினாள். "எனக்கு வேண்டாம் சித்தி" என்று எழுந்து செருப்பை மாட்டினாள். நான் போட்டு வைத்த காப்பியைத் தொடவே இல்லை, ஆடை படிந்து கிடந்தது.

அந்தத் தாள் என் கைப்பையில் இருக்கிறது. திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.