அப்பா ஒதுக்குன கொள்ளு

புதன், ராத்திரி

இல்லீங்கப்பா, பார்க்கின்சன் நோவு கொள்ளு தின்னதுனால வரலீங்க. இன்னைக்கு எத்தன தடவ சொன்னேன்! மூளையில புரோட்டீன் கட்டிக்குதுன்னு டாக்டர் சொன்னாரு. அதக் கேட்டுட்டு அப்பா, புரோட்டீன் இருக்குதுன்னு கொள்ளு, முட்டை எல்லாத்தையும் நிறுத்திப்போட்டாரு. கை நடுக்கம் அப்படியே இருக்குது, ஆளுதான் எளச்சுட்டாரு.

"நம்ம தறியில நூலு சிக்கறாப்புல, மூளை தானாச் செய்யற புரோட்டீன்தான் மடிப்பு மாறிக் கட்டியாகுது. தட்டுல இருக்கறது அங்க போயி ஒக்காராதுங்க"ன்னேன்.

"காலேஜ் முடிக்காத டாக்டர் சொல்றாரு, கேட்டுக்கங்க"ன்னு அம்மா என்னப் பாத்துச் சிரிச்சுது. அப்பா தட்டத் தள்ளி வெச்சுட்டாரு.

உடமாட்டேன். நாளைக்கு டாக்டர் வாயாலயே சொல்ல வெச்சு, புரோட்டீன் நடுக்க மாத்திரையோட வேலையக் கொறைக்குமாம், அதனால மாத்திரைக்கும் கொள்ளுக்கும் எத்தன நேரம் தள்ளோணும்னு கேட்டு, நானே ஊட்டிப்போடறேன்.

உள்ளிருந்து அப்பா கூப்புடறாரு. "கண்ணு, அந்தக் கொள்ளு மிச்சம் இருக்குதா?"

எந்திரிச்சுப் போகோணும்.