மேலிருந்து நீங்கள் கண்டது

அக்கா,

பக்கத்து வளவில் புல் வெட்டும் மெஷின் விடியற்காலையிலிருந்து அலறுகிறது. ஒயில் கலந்த பெற்றோல் புகை என் குசினிக்குள் வந்து நிற்கிறது. அந்த மெஷினைக் கண்டுபிடித்தவன் நல்லாய் இருக்கட்டும், எனக்கு இன்றைக்குச் சமையல் ஓடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். அதே புகை, அக்கா. அத்தானின் சாரத்திலும் உங்கள் தலைமயிரிலும் கொடியில் காயப்போட்ட என் பாவாடையிலும் அந்த வருசம் முழுக்க மணத்த புகை.

எண்பத்து மூன்று கலவரத்தில் தெற்கே அத்தானின் கராஜ் எரிந்தபோது உடுத்த உடுப்போடு நெடுந்தீவுக்குத் திரும்பி வந்தீர்கள். மகன் இனித் தோட்டத்தைப் பார்ப்பான் என்று மாமி நினைத்தா. அவர் பார்த்தது வானத்தை. ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்தில் படம் கண்டாராம். கதிரை மாதிரி ஒன்றில் ஒருவன் காலைத் தொங்கப் போட்டபடி பறக்கிறான். தலைக்கு மேலே இறக்கையாய்த் துணிச் செட்டை, முதுகுக்குப் பின்னால் சின்ன எஞ்சின். ஒரு இடத்துக்குப் போகவும் இல்லை, ஒரு சாமான் கொண்டுவரவும் இல்லை, ஆசைக்குப் பறக்கிறதாம்.

"சும்மா பறக்கிறதுக்கு ஒரு மெசினோ?" என்று மாமி கேட்டா.

"சும்மா இருக்கிறவனுக்கு வேறை என்ன செய்ய ஏலும், அம்மா?" என்றார் அத்தான்.

அலுமினியக் குழாய், பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின், தோணி கட்டுகிற தச்சர் சிரித்துச் சிரித்துச் செதுக்கிக் கொடுத்த விசிறி. செட்டையை நீங்கள் தைத்தீர்கள். பொங்கல் காலத்துப் பட்டங்களில் கட்டுவோமே, காற்றுப் பட்டால் ஊளையிடும் விண் நார், அதையும் கொண்டுவந்து செட்டையில் கட்டினார் அத்தான். "விண் கூவாத பட்டத்தை ஆர் அண்ணாந்து பாப்பினம்?" என்பது அவர் நியாயம்.

பின்னேரங்களில் மேற்கு வெளிக்குத் தள்ளிக்கொண்டு போவோம். அங்கே மட்டக்குதிரைகளைத் தவிர ஆளில்லை. அத்தான் ஏறி இருந்தால் அது ஓடும், ஓடும், ஒரு முழம் எழும்பும், பிறகு குந்திவிடும். "எங்கடை அடைக்கோழி இதைவிட உயரம் பறக்கும், இஞ்சேருங்கோ," என்று நீங்கள் சொல்ல, எனக்குச் சிரித்து வயிறு நோகும்.

பிறகு ஒருநாள், "நான் ஏறுறன்," என்றீர்கள்.

"உமக்கென்ன விசரே?"

"நான் உங்கடை பாதி நிறைதானே."

அத்தானின் காற்சட்டையைப் போட்டு இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்து நின்றீர்கள். அந்தக் காலத்தில், எங்கள் ஊரில், குடும்பப் பெண் காற்சட்டையோடு! ஆசை வெட்கம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள்? பிள்ளை இல்லாத துக்கத்தைக்கூட நீங்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒருக்கா மேலை போய்ப் பாக்கோணும் என்பதை மட்டும் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தீர்கள்.

போய்விட்டீர்கள், அக்கா. இரண்டு பனை உயரம் இருக்கும். அத்தான் வெளியில் நின்று கூத்தாடினார். நான் என்னை அறியாமல் அழுதேன். அதற்குள் காற்றுத் திரும்பி உங்களைக் குடிமனைப் பக்கம் கொண்டுபோனது.

அரசாங்கத்தின் ஹெலியும் குண்டு போடுகிற பொம்மரும் வரத் தொடங்கியிருந்த காலம் அது. எங்கள் கல்லுத் தரையில் பதுங்கப் பங்கர் குழி வெட்ட ஏலாது. சத்தம் கேட்டால் கல்வேலி ஓரமாகக் குப்புற விழுவதுதான் வழக்கம். நல்ல தண்ணீர்க் கிணற்றடியில் பெண்கள் குடத்தோடு நின்றார்களாம். நீங்கள் சந்தோசமாய்க் கையைக் காட்டினீர்களாம். அவர்கள் குடங்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். "நான்தான், ஓடாதேங்கோ!" என்று கத்துவதற்காக எஞ்சினை நிறுத்தினீர்கள். எஞ்சின் நின்றதும் விண் கூவியது. பொம்மர் பதிந்து வரும் சத்தம் கேட்டுப் பழகின சனத்துக்கு வேறென்ன வேண்டும்? மிச்சம் நின்றவர்களும் விழுந்து படுத்தார்கள்.

அப்பால் வயலில் நீங்கள் இறங்க, நாங்கள் மூச்சிரைக்க ஓடி வந்தோம். "பறந்திட்டீர்!" என்று அத்தான் உங்களைத் தூக்கப் போனார்.

"கழட்டுங்கோ," என்றீர்கள்.

"எதை?"

"எல்லாத்தையும். என்னைக் கண்டு சனம் ஓடுது."

அவர் கெஞ்சிப் பார்த்தார், நானும் கெஞ்சினேன். நீங்கள் அசையவில்லை. அன்றைக்கே அதைக் குழாய் வேறு துணி வேறாய்ப் பிரித்தோம். ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை, சொல்லுகிற காலமும் இல்லை.

நீங்கள்தான் அந்த ஹெலி என்று தெரியாமல் ஊர் ஒரு கிழமையாய் அதைப் பற்றியே கதைத்தது. "மேலை இருக்கிறவனுக்கு நாங்கள் எறும்பு. ஆரெண்டு தெரிஞ்சே சுடுறான்?" என்று மாமி தன்னைத் தானே ஆற்றிக்கொண்டா. நீங்கள் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனீர்கள்.

"மேலையிருந்து எல்லாம் வடிவாத் தெரியுமடி," என்றீர்கள். "பச்சைச் சீலைக்காரி பிள்ளையை இடுப்பிலை வைச்சுக்கொண்டு ஓடினவ. ஒரு கால் செருப்புக் கழண்டு கிடந்தது. அதையும் கண்டனான்."

"நீங்கள் போனது ரெண்டு பனை உயரம். அவன் எங்கை, நீங்கள் எங்கை?"

"ஹெலி பதிஞ்சு வாறதை நீ காணேல்லையே?" கிணற்றுக் கயிற்றைச் சுருட்டி வைத்தீர்கள். "ஓடுறவையைப் பாத்தா, என்னவோ செய்துபோட்டு ஓடுகினம் எண்டுதான் மேலை தெரியுது. ஒருத்தி நிண்டு எனக்குக் கை காட்டியிருந்தா! நிண்டால் ஆளெண்டு தெரியும், பொம்பிளையெண்டு தெரியும். பாத்தவனுக்கு மனம் வராது."

தொண்ணூறில் நாங்கள் இருவரும் வெளியில் வரட்டி பொறுக்கிக்கொண்டு நின்றோம். ஹெலி கடல் பக்கமிருந்து வந்தது. நான் கல்வேலியோடு விழுந்து, "அக்கா, படுங்கோ!" என்று கத்தினேன். நீங்கள் படுக்கவில்லை. சீலைத் தலைப்பை விரித்துப் பிடித்து, இரண்டு கையையும் உயர்த்தி நின்றீர்கள். அது ஒருதரம் சுற்றிப் போய்ப் பதிந்து திரும்பி வந்தது. கதவோரம் இருந்தவனின் முகம் எனக்குத் தெரிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது. அவன் உங்களைப் பார்த்தான், அக்கா. பார்த்துவிட்டுத்தான் சுட்டான்.

உங்களை மடியில் வைத்திருந்தபோது உங்கள் கை இன்னும் சீலைத் தலைப்பை விடவில்லை. நான்தான் விரல் விரலாய்ப் பிரித்து எடுத்தேன்.

அத்தான் இப்போது கனடாவில் தனியே இருக்கிறார். உங்கள் திவசத்துக்குத் திவசம் போன் எடுப்பார். சோறு படைத்தாயிற்றா, ஐயர் வந்தாரா என்றெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, அவன் அக்காவைக் காணேல்லைத்தானே?" என்பார்.

"ஓம் அத்தான், காணேல்லை," என்பேன்.

மறுமுனையில் அவர் மூச்சு விடுவது கேட்கும்.