மழைப் பக்கத்தை நிறுத்திவிட்டேன்

நமுனுகுல

அன்பு மகன் நிஷாந்துக்கு,

அப்பாவும் நானும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம், அதை முதலில் எழுதினால்தான் மற்றதை நீ பொறுமையாகப் படிப்பாய். தோஹாவில் உனக்கும் ஒரு குறையும் இருக்கக்கூடாது.

தனியாக வெப் சர்வர் வேண்டாம், பிஎச்பி சாப்ட்வேரை ஒரு ஃபோல்டரில் விரித்துக் கறுப்பு ஜன்னலில் ஒரு வரி அடித்தால் அதுவே சர்வராக நிற்கும் என்று நீ போனில் சொன்னபடியே, நான் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் பழைய லேப்டாப்பில் செய்தேன். முதலில் என் திரையில் மட்டும்தான் நீ எழுதிய மழைப் பக்கம் வந்தது, அந்த வரியில் நீ சொன்ன நான்கு சுழியத்தைப் போட்ட பிறகு வைஃபை எட்டிய லயத்து வீடுகளின் போன்களிலும் வந்தது. மழைமானியில் அளந்ததை நான் பதிவேன், அளவு தாண்டினால் பக்கம் சிவக்கும், மலை சரிவதற்குள் எல்லாரும் ஸ்கூலுக்குப் போய்விட வேண்டும் என்று பேச்சு. இது சோதித்துப் பார்க்க மட்டும்தான், நம்பி இருக்க வேண்டாம் என்று நீ சொன்னதையும் சொன்னேன். யார் காதில் ஏறியது?

போன வியாழன் பகல் மழை கொட்டியபோது கரண்ட் போனது, பேட்டரி செத்த லேப்டாப்பும் அணைந்தது. மழைமானி நிரம்பியதைப் பார்த்துவிட்டு நான் கதவு கதவாக ஓடினேன். லயத்தின் கடைசி வீட்டுக் காம்பராவில் தயாபரன் மாமா படுத்திருந்தார். காலையில் திறந்த பச்சைப் பக்கம் அவர் போனில் அப்படியே நின்றது. "செவக்கலயே தங்கச்சி, நம்ம நிஷாந்து போட்டது பொய் சொல்லுமா?" என்றார். விஜயலெட்சுமி மதினிதான், "பச்சையப் பாத்துக்கிட்டு நீங்க கெடங்க, நானும் புள்ளைகளும் போறோம்" என்று இறங்கி நடந்தார். மாமா முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார். நாங்கள் ஸ்கூலை எட்டுவதற்குள் பின்மலை சரிந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. அவர் படுத்திருந்த கட்டிலை மட்டும் இன்னும் தோண்டி எடுக்கவில்லை.

இப்போது ஸ்கூலில் தங்கியிருக்கும் எல்லாரும் அந்தப் பக்கத்தைத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். நான் அந்த வரியை அடிக்கவில்லை. உன் மேல் எனக்குக் குறையில்லை, நீ நல்லதற்குத்தான் செய்தாய். ஆனால் கதவைத் தட்டினால் யார் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று எனக்குத் தெரிகிறது, அந்தப் பக்கத்துக்கு அது தெரியாது.

முருகன் உன்னைக் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. மறக்காமல் தயாபரன் மாமாவுக்குப் போன் எடு. மதினியால் உயிர் தப்பிய பிறகும், கரண்ட் இருந்திருந்தால் நிஷாந்து காப்பாற்றியிருப்பான் என்றுதான் ஸ்கூல் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதை நம்பாதீங்க மாமா என்று உன் வாயால் சொல். என் பேச்சை அவர் கேட்கமாட்டார்.

உன் அம்மா,
தனலெட்சுமி