பதினாலும் பதினைந்தும்

ஜூன் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். துவாய்கள் காயவில்லை. ஸ்கேன் அறைக் கட்டில் துடைத்தது, ஜெல் போத்தல் மூன்று நிரப்பியது, நம்பர் துண்டு முப்பது வெட்டியது. மெனேஜர் சேர் நாற்பது என்றார். இன்னும் பத்து வெட்டினேன்.

பத்து மணிக்குப் பிலிமத்தலாவையிலிருந்து ஒரு அக்கா. நனைந்த குடையை மடக்கவே இல்லை. ரிப்போர்ட்டைக் கவுண்டரில் அடித்து வைத்தார்.

"எங்கட உம்மாட வயித்துல கட்டின்னு எழுதினது யாரு? ஒப்பரேஷனுக்குப் படுக்க வெச்சு, திரும்ப ஸ்கேன் பண்ணினா ஒன்னுமே இல்ல. இல்லாத கட்டிக்கு வெட்டப் பாத்தீங்களே!"

வரிசையில் எல்லாரும் எழும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் நம்பரைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்கள். பரீதா டொக்டர் கையுறையோடு ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்தார். ரிப்போர்ட்டின் கீழே இருந்தது அவருடைய கையெழுத்துதான். "நான் பாத்ததத்தானே எழுதியிருப்பேன்" என்றார்.

நான் தண்ணீர் மெஷினுக்குப் பின்னால். யாராவது கத்தினால் எனக்குக் கால் நகராது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். வாசிக்கச் சொல்லி எழுப்பினால் நின்றுகொண்டே இருப்பேன். பத்தாம் வகுப்போடு நின்றதற்கு அம்மா ஊருக்குச் சொல்லும் காரணம் வேறு. எனக்குத் தெரிந்த காரணம் இது.

மஹய்யாவையில் வீடு வரை நடந்தே வந்தேன். செருப்பு வார் அறுந்தது.

ஜூன் 4, செவ்வாய்

மெனேஜர் சேர், டொக்டர் கையெழுத்துப் போட ஒரு கடிதம் அடித்தார். பிரிண்டரிலிருந்து எடுத்தது நான், அதனால் வாசித்தேன். "படத்தைத் தவறாக வாசித்தது நான். நிலையத்துக்கு இதில் பொறுப்பு இல்லை." கீழே கையெழுத்துக்குப் புள்ளிக்கோடு.

டொக்டர், ஸ்கேன் டொக்டர்மாருடைய சங்கத்துக்குப் போன் எடுத்தார். இந்தச் சங்கத்தைப் பற்றி அவர் இதுவரை சொன்னதெல்லாம் பகிடிதான். "வருஷத்துக்கு ஒரு கூட்டம், ஒரு சாப்பாடு, ஒரு பை." அந்த நீலப் பையில்தான் சோறு கொண்டுவருவார். சங்கத்தின் வகுப்பு போனில் வரும் நாளில் ஜெல் போத்தலில் போனைச் சாய்த்துவைத்து, சாப்பிட்டுக்கொண்டே கேட்பார்.

இன்று சாப்பிடவில்லை. கதவும் முழுதாக மூடவில்லை. போன் ஸ்பீக்கரில். அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்துப் பேச்சு. சங்கத்துச் செல்வி மிஸ்ஸாம்.

"ஒண்டிலயும் கையெழுத்து வையாதேங்கோ. படங்களை அனுப்புங்கோ, நாங்கள் ரெண்டு பேர் பாக்கிறம். வெள்ளிக்கிழமை நான் வந்து உங்களோட இருப்பன்."

"எனக்கே சந்தேகமா ஈக்குது மிஸ். அண்டைக்கு நாப்பது பேர். கண்ணு களைச்சிப்போனா..."

"நாப்பது எண்டதையும் எழுதி வையுங்கோ. அது தேவைப்படும்."

போனை வைத்த பிறகு டொக்டர் அழுதார். நான் தேநீர் வைக்கப் போனேன். மேசையில் ரிப்போர்ட்டின் பிரதி. மே 20. நம்பர் 14.

நம்பர் 14. அந்த நாள் முழுதாக ஞாபகம் வந்துவிட்டது. தேநீரில் சீனி போடவில்லை. நாளை எழுதுகிறேன்.

ஜூன் 5, புதன்

எழுதிவிடுகிறேன்.

அடிவயிற்று ஸ்கேனுக்குத் தண்ணீர் குடித்து, ஒன்றுக்கு முட்டும் வரை இருக்க வேண்டும். டொக்டர் ஒருவரை முடிக்கும்போதே அடுத்தவரின் பெயரை மெஷினில் அடித்து வைப்பது என் வேலை. அன்று 14இன் பெயரை அடித்துவிட்டு வெளியே வந்தேன். 14, பிலிமத்தலாவை உம்மா: "இன்னும் முட்டல்ல மகள். இன்னொரு போத்தல் குடிக்கிறேன்." 15, தெல்தோட்டையிலிருந்து வந்த ராஜேஸ்வரி, காலைப் பின்னிக்கொண்டு நின்றார். "தங்கச்சி, இனி தாங்காது. இங்கயே போயிரும்."

15ஐ உள்ளே விட்டேன். பெயரை மாற்றவில்லை. மெனேஜர் சேர் கவுண்டரிலிருந்து "நங்கி! நங்கி!" என்று, சிங்களத்தில் தங்கச்சி என்று, என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு 14 உள்ளே போனபோது பட்டியலில் அடுத்திருந்த பெயர் 15. அதை அடித்தேன். டொக்டர் பெயர் கேட்பதில்லை. "வாங்க, படுங்க, மூச்சப் புடிங்க." நாற்பது பேருக்கும் அதுதான். முடிவையும் அங்கே சொல்வதில்லை. ஸ்கேனுக்கு அனுப்பிய டொக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்வார்.

ஆகவே டொக்டர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். கட்டி இருக்கிறது. ராஜேஸ்வரியின் வயிற்றில். அவர் கையில் "ஒன்றுமில்லை" என்ற ரிப்போர்ட். பதினாறு நாளாக.

எனக்கு மட்டும்தான் தெரியும்.

டொக்டரிடம் சொல்லப் போனது:
1. காலை, துவாய் கொடுக்கும்போது. "என்ன?" என்றார். "துவாய்" என்றேன்.
2. பதினொரு மணி. கதவு வரை.
3. சாப்பாட்டு நேரம். உள்ளே மெனேஜர் சேர்.

வெளியே வந்த சேர் என்னைப் பார்த்து, "நங்கி, சங்கத்துல இருந்து யாராவது வந்து கேட்டா ஒன்னும் தெரியாதுன்னு சொல்லு. நீ நல்ல பிள்ளதானே. வாயே இல்லாத பிள்ள."

ராஜேஸ்வரியின் போனுக்கு மூன்று தடவை எடுத்தேன். வேலை செய்யவில்லை.

ஸ்கேன் அறைக் கதவுக்குப் பின்னால் சங்கத்தின் தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. தினமும் துடைக்கிறேன், இன்றுதான் வாசித்தேன். அங்கத்தவர்களுக்குப் பிரச்சினை வந்தால் அழைக்க ஒரு இலக்கம். படிக்கட்டில் உட்கார்ந்து எடுத்தேன்.

"ஹலோ... ஆர்? மூச்சு விடுறது கேக்குது. வையாதையும், சொல்லும்."

"நான் மெம்பர் இல்லீங்க."

"பரவாயில்லை. ஆர் பிள்ளை நீர்?"

"பேர் அடிக்கிற புள்ள."

எல்லாம் சொன்னேன். நிறுத்தினால் திரும்பத் தொடங்க வராது என்று வேகமாக. செல்வி மிஸ் திட்டவில்லை.

"கடிதம், கூட்டம் எல்லாம் பிறகு. முதல்ல அந்தத் தெல்தோட்டை மனிசியைப் பிடிக்க வேணும். உம்மட டொக்டரிட்ட நீரே சொல்லும். பத்து நிமிஷத்தில நான் அவவுக்கு எடுப்பன். அதுக்குள்ள."

எட்டு நிமிஷம் படிக்கட்டிலேயே போனது. மிச்சம் இரண்டில் சொன்னேன்.

டொக்டர் மே 20 படங்களை மெஷினில் திறந்து, 14, 15 இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "மூணு நாளா நான் என்ட கண்ணையே நம்பாம ஈந்தேன். நீ துவாய் மடிச்சிட்டு ஈந்த."



ஜூன் 6, வியாழன்

விடிய மழை. டொக்டர், ராஜேஸ்வரி வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு எடுத்தார். "அவ ரெண்டு நாளா கொழுந்து பறிக்க மலைக்கு வரலீங்க டொக்டர். வயித்து வலின்னு லயத்து வீட்டுல படுத்திருக்கா." போன் விழுந்து உடைந்துவிட்டதாம். டொக்டர் அவரை நேராகப் பெரியாஸ்பத்திரிக்கே கொண்டுவரச் சொன்னார். சரியான ரிப்போர்ட்டைக் கையால் எழுதினார். படங்களை நான் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒன்றரை மணி நேரம். டொக்டர் வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

ராஜேஸ்வரி ஆட்டோவில் வந்தார். முகம் வெளுத்து, உதடு காய்ந்து. என்னை அடையாளம் தெரிந்தது.

"தங்கச்சி, நீதானே அன்னைக்கி என்னைய முன்னுக்கு விட்ட? மறக்கவே இல்ல."

நன்றியாகத்தான் சொன்னார். டொக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கட்டி முறுகியிருக்கலாமாம். உடனே உள்ளே கொண்டுபோனார்கள்.

ஜூன் 7, வெள்ளி

கூட்டம். செல்வி மிஸ் குள்ளம். தோளில் அதே நீலப் பை. அதற்குள்ளும் சோற்றுப் பெட்டி.

மெனேஜர் சேர் நல்ல குணத்தோடு தொடங்கினார். "சரி, டொக்டர்ல தப்பில்ல. நங்கிட தப்பு. கடிதத்துல பேர மாத்துவோம், நங்கி கையெழுத்துப் போடட்டும். திங்கள்ல இருந்து வர வேணாம். எல்லாருக்கும் லேசு."

நான் பேனாவை எடுத்தேன். உண்மைதானே. செல்வி மிஸ் என் விரலிலிருந்து பேனாவை வாங்கித் தன் பைக்குள் போட்டுவிட்டார்.

"இந்தப் பிள்ளை உங்கட மெம்பரா?" என்று சேர் கேட்டார்.

"இல்லை. நான் டொக்டருக்காக வந்தனான். டொக்டருக்காகத்தான் சொல்லுறன். நோயாளியிட பேரை ஸ்கேன் செய்யிற ஆள் கேக்க வேணும். கேக்க நேரம் வேணும். நாப்பது பேரை ஒரு நாளில உள்ள தள்ளினது ஆர்? இந்தப் பிள்ளை போனா அடுத்த மாசம் வேற பிள்ளை இதே பிழை விடும். திரும்ப மாட்டுறது என்ர மெம்பர்."

"பேர் கேக்காம விட்டது என்ட பிழையும்தான்" என்றார் டொக்டர். மேசையைப் பார்த்துக்கொண்டு.

"இப்படியே ஆளக் கொறச்சிட்டுப் போனா நான் கதவ மூட வேண்டியதுதான்."

"மூடுங்கோ. கடிதம் மட்டும் உண்மையா இருக்க வேணும்."

ஒரு மணி வரை இதேதான். சேர் இரண்டு தடவை எழும்பினார், இரண்டு தடவை உட்கார்ந்தார். கடைசியில் நடந்தது நடந்தபடி ஒரு கடிதம், இரண்டு குடும்பத்துக்கும். கையெழுத்து மூன்று: சேர், டொக்டர், நான். என்னுடையது கோணல். என் வேலையைப் பற்றி சேர் சொன்னது: "மாசக் கடைசியில பாப்போம்."

செல்வி மிஸ்ஸோடு வாசல் வரை போனேன்.

"எங்கள மாதிரி ஆளுங்களுக்கு சங்கம் இருக்குங்களா மிஸ்?"

"இல்லை" என்றார். பேனாவைத் திருப்பித் தந்தார்.

ஜூன் 10, திங்கள்

வெயில். துவாய் எல்லாம் காய்ந்தது. செருப்பு தைக்கக் கொடுக்க வேண்டும்.

டொக்டர் போனில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. ராஜேஸ்வரிக்கு ஒப்பரேஷன் முடிந்தது. ஒரு பக்கச் சினைப்பையை எடுத்துவிட்டார்களாம். மற்றது நன்றாக இருக்கிறதாம். இருபத்தாறு வயது. டொக்டர் இதை என்னிடம் சொல்லவில்லை. வேலையைத் தவிர எதையும் சொல்வதில்லை.

சங்கத்திலிருந்து புதுத் தாள் வந்தது. பழையதற்குப் பக்கத்தில் ஒட்டினேன். நோயாளி தன் வாயால் பெயர் சொல்ல வேண்டும். மெஷினில் பெயர் அடித்தவர் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். இரண்டும் ஒன்றானால்தான் தொடங்கலாம்.

நம்பர் துண்டு இருபத்தெட்டு, நாற்பது இல்லை.

நம்பர் 1, ஒரு தாத்தா. சிறுநீரகத்தில் கல்லா என்று பார்க்க. "கந்தையா" என்றார். நான் வாசித்தேன்.

"கேக்கல்ல" என்றார் டொக்டர். பார்த்தது மெஷினை, என்னை இல்லை.

திரும்ப வாசித்தேன்.

"கேக்கல்ல."

ஜெல் பூசிய கருவி அவர் கையில், தாத்தாவின் வயிற்றுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில். ஒரு சொட்டு ஜெல் துவாயில் விழுந்தது. கை இறங்கவில்லை. தாத்தா என்னைப் பார்த்தார்.

கத்தினேன். வெளியே வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

கை இறங்கியது. "மூச்சப் புடிங்க."

நம்பர் 2.